பட்டறைத் தீயும் பச்சைத் தண்ணீரும்

பழைய கொல்லுப்பட்டறையில் உலைக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும். பழுத்த இரும்பைத் தோய்ப்பதற்காக வைத்தது; கை சுட்டவனுக்கும் அதுவே முதல் வைத்தியம். ஜெயமங்கலத்தில் நாம் காணும் வெல்டிங் பட்டறையில் மின்சாரம் உண்டு, வாயு உருளை உண்டு, முருகன் படமும் உண்டு, தொட்டியைத்தான் காணோம். வராக நதி பாயும் ஊரில், சுட்ட கையை நனைக்கத் தண்ணீர் தேடி அலைய வேண்டியிருக்கிறது!

சென்ற கோடையில் அத்தகைய பட்டறை ஒன்றில், வேலை பழகும் பையன் ஒருவன் ஆறாத கம்பியை உள்ளங்கையால் பற்றிவிட்டான். நாம் போய்ச் சேர்வதற்குள் பற்பசையும் பேனா மையும் பூசியாகிவிட்டன. தோசை மாவு வந்துகொண்டிருந்தது. அன்போடு செய்த உபகாரந்தான். ஆனால், கம்பியை விட்ட பிறகும் சூடு தோலில் தங்கி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். நெய்யும் பசையும் அதை மூடி வைக்கின்றன. மையோ, காயத்தின் ஆழத்தை மருத்துவர் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. வாத்தியார் சொல்கிறோம்: மை எழுதுவதற்கு மட்டுமே ஏற்றது.

மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1947-ல் இதை அளந்து காட்டினர். 44 டிகிரி சென்டிகிரேடு சூட்டைச் சுமார் 6 மணி நேரம் தாங்கும் தோல், 60 டிகிரியில் ஏறக்குறைய 5 விநாடியில் வெந்துவிடுகிறது. ஆகவே சூட்டை இறக்குவதே முதற்காரியம். ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது. சுட்டு 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பலனுண்டு. 20 நிமிஷம் என்பது பள்ளிக்கூடத்தில் அரைப் பாடவேளை. சுற்றி நிற்பவர்களுக்கோ ஒரு யுகம். இரண்டாம் நிமிஷத்திலேயே "போதும், போதும்" என்பார்கள்.

வீக்கம் காணுமுன் மோதிரம், காப்பு, மணிக்கட்டுக் கயிறு யாவற்றையும் அகற்றிவிட வேண்டும். கோயில் கயிறாயிற்றே என்று தயங்க வேண்டாம், சாமி கோபிக்காது. பாலியெஸ்டர்ச் சட்டை உருகித் தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கலாகாது. கதரிலும் தீப்பற்றும், ஆயினும் அது உருகி ஒட்டுவதில்லை. கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கை, முகம், மூட்டு வெந்தால் வீட்டு வைத்தியம் உதவாது. மின்சாரம் தாக்கியிருந்தால், இணைப்பைத் துண்டித்த பிறகே ஆளைத் தொடலாம். மேலே காயம் சிறிதாயிருந்தாலும் உள்ளே பெரிதாயிருக்கக்கூடும்.

பட்டறைக்காரர்கள் சிலரிடம் ஒரு தண்ணீர்க் குழாய் வைக்கச் சொன்னோம். "மின்சாரம் ஓடுகிற இடத்திலா தண்ணீர், ஐயா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளி வைக்கலாம்.