கேட்கத் தயங்கிய கேள்வி

விடுதியில் எனக்கு அடுத்த அறையிலுள்ள முதுகலை மாணவன் மருத்துவமனையிலிருந்து திரும்பி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஜார்க்கண்டைச் சேர்ந்தவன், என்னைப் 'பையா' என்றே அழைப்பான். அவனுக்கு இருமுனைய மனநிலைக் கோளாறு. அவனது இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

திரும்பியபின் வேளைக்கு உண்டான், வகுப்புக்குச் சென்றான், சிரித்தும் பேசினான். கண்டம் கடந்துவிட்டது என்றெண்ணி நான் என் ஆய்வேட்டில் மூழ்கினேன். அந்த எண்ணம் பிழை. மனநலச் சிகிச்சை முடிந்து வெளிவந்த முதல் சில வாரங்களும் மாதங்களுமே தற்கொலை இடர் மிகுந்த காலம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உள்ளே மருந்தையும் உறக்கத்தையும் கவனிக்க ஆள் உண்டு. வெளியே வந்த அன்றே அது அற்றுப்போகிறது. விட்டுப்போன பாடங்களும் கல்விக்கடனும் பிறர் பார்வையும் மட்டும் அப்படியே காத்திருக்கின்றன.

அவன் தன் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினான். எனக்கும் இரண்டு தந்தான். தாராள மனம் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டேன். பின்னர் அவன் அறை விளக்கு இரவு முழுவதும் எரியலாயிற்று. பேச்சில் நம்பிக்கையின்மை, உடலிலோ ஓரிடத்தில் நில்லாத பரபரப்பு. சோர்வும் எழுச்சியும் ஒருங்கே கலந்த இந்நிலை தனிச் சோர்வைவிட ஆபத்தானது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி தொண்டையில் நின்றது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே விதைத்துவிடுவேனோ என்ற அச்சம். அப்படி விதைப்பதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. வெளிப்படையாகக் கேட்பது பலருக்கு ஆறுதலே தருகிறது. ஓரிரவு கேட்டுவிட்டேன்: "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா?"

நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "வருகிறது பையா. மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாகிறது."

நிறுத்தியது லித்தியம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மன எழுச்சிக்குப் பயன்படும் எனக் கண்டறிந்த எளிய உப்பு. இந்நோயில் தற்கொலை இடரைக் குறைப்பதாக வலுவான சான்றுள்ள மருந்துகளுள் முதன்மையானது. திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பும் இடரும் ஏறும். கை நடுங்குகிறது, எழுத முடியவில்லை என்று நிறுத்தியிருக்கிறான். அதை மருத்துவரிடம் சொல்லியிருந்தால், இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மாற்று வழி கண்டிருப்பார்.

"வெளியே தெரிந்தால் போலீஸ் வழக்கு வருமா?" என்பதே அவனது அடுத்த கேள்வி. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவை எடுத்துக் காட்டினேன். தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கலாகாது என்கிறது அது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னவன் எதற்கு அஞ்ச வேண்டும்?

அன்றிரவு அவனைத் தனியே விடவில்லை. அவன் அக்காவிடம் தொலைபேசியில் பேசினோம். விடிந்ததும் அவனுடைய மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். நான் செய்தது இவ்வளவே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மனநிலைக் கோளாறுகள் பலருக்குத் தலைகாட்டுவது பதின்பருவ இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான்; அதாவது நம் விடுதி அறைகளில். மருத்துவர் மாதம் ஒருமுறை பார்ப்பார்; அடுத்த அறைக்காரன் நாள்தோறும் பார்க்கிறான்.

அந்த இரு புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பருவத் தேர்வுக்கு அவற்றைத்தான் படித்துக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கோ உங்கள் அருகிலிருப்பவருக்கோ இத்தகைய எண்ணம் எழுந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இரவும் பகலும் இயங்கும், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். அடுத்த அறையில் யாரேனும் இருந்தால், தயங்காமல் கேளுங்கள்.