ஒரே ரூம், ரெண்டு வாடகை

ஓட்டலில் ரூம் புக் பண்ணும்போது, அடியில் எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? ‘கேன்சல் செய்தால் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது.’ இந்த வரியை நாம் கல்வெட்டு மாதிரி நம்பிவிடுகிறோம். எழுதியாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனி பேச என்ன இருக்கிறது?

இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

2024 மே மாதம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக இ-பாஸ் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டதே, அதே சீசன். பாஸ் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். மூன்று ராத்திரிக்கு ரூம். ஒரு நாளைக்கு 4,000 ரூபாய். அப்போதிருந்த 12 சதவிகித ஜி.எஸ்.டி.யோடு சேர்த்து 13,440. மொத்தமும் முன்பணம். அந்த எறும்பு வரியைப் படித்துவிட்டுத்தான் கட்டினேன்.

கொடைக்கானல் ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரம். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு. முதல் ராத்திரியே இழுப்பு வந்துவிட்டது. படுக்க முடியவில்லை. முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்து, விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார். காலையில் ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: “குளிர் ஒத்துக்கலை. இன்னிக்கே கீழே கூட்டிட்டுப் போயிடுங்க.”

ஓட்டலுக்கு வந்து ரிசப்ஷனில் சொன்னேன்.

“ரூமைக் காலி பண்றோம் தம்பி. மிச்ச ரெண்டு நாள் பணம் வரணுமே?”

“ஸாரி சார். ரீஃபண்ட் கிடையாது. பாலிசி.”

டாக்டர் சீட்டைக் காட்டினேன். பார்த்தான். முகத்தில் கொஞ்சம் வருத்தம்கூடத் தெரிந்தது. “நான் என்ன சார் பண்றது, பாலிசி” என்றான். மேனேஜர் வந்தார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை. அதே பாலிசி.

சரி, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓட்டல் ரூம் என்பது மளிகைச் சரக்கு இல்லை, இன்று விற்காவிட்டால் நாளைக்கு விற்க. இன்றைய ராத்திரி காலியாகப் போனால் போனதுதான். கொத்தமல்லிக்கட்டாவது மறுநாள் பாதி விலைக்குப் போகும், ரூம் அதுவும் இல்லை. ஏப்ரல், மே சம்பாத்தியத்தை வைத்துத்தான் மலையில் பல ஓட்டல்கள் மற்ற மாதங்களில் சம்பளம் போடுகின்றன. கடைசி நேரத்தில் ‘வரலை’ என்று சொல்கிறவர்களால் அவர்கள் வயிற்றில் அடி விழுகிறது. அதனால்தான் அந்த வரி. பி.காம் படித்தவனுக்கு இது புரியாமல் இல்லை.

‘சரி, போகட்டும்’ என்று நான் திரும்பியிருப்பேன். அந்த நேரத்தில்தான் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. ரெண்டு குழந்தைகள், குரங்குக் குல்லா போட்ட ஒரு தாத்தா.

“ரூம் இருக்கா?”

மேனேஜர் ரிஜிஸ்தரைப் புரட்டவே இல்லை. “ஒண்ணு இப்பதான் காலியாகுது. 5,500 ஆகும்” என்றார்.

எங்கள் ரூம்! எங்கள் பெட்டிகள் இன்னும் வராந்தாவில் இருக்கின்றன. அம்மாவின் பிளாஸ்க் அறைக்குள் இருக்கிறது.

“இன்னிக்கு ராத்திரிக்கு நான் பணம் கட்டியிருக்கேனே சார். அதே ராத்திரியை இவங்களுக்கும் விக்கறீங்களே?”

“அது வேற புக்கிங் சார், இது வேற புக்கிங்.”

இப்படி ஒரு விளக்கத்தை நீங்கள் எங்காவது கேட்டதுண்டா? ரூம் ஒன்று, ராத்திரி ஒன்று, வாடகை மட்டும் ரெண்டு. அரசாங்கத்துக்கும் நஷ்டமில்லை. கேன்சல் கட்டணத்துக்கும் அசல் சேவைக்கு உள்ள அதே ஜி.எஸ்.டி. உண்டு என்று 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. மூணாவது ஆளான நமக்குத்தான் பட்டை நாமம்.

அம்மா காரில் காத்திருந்தார். அதற்கு மேல் வாதாட நேரமில்லை. வந்தவர் முன்னால் மேனேஜர் சொன்ன வாடகையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். ரூம் காலி செய்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். பையன்தான் போட்டுக் கொடுத்தான். மலை இறங்க இறங்க அம்மாவுக்கு மூச்சு சீரானது. வத்தலக்குண்டில் காபி கேட்டார்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான்.

நம் ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. பி.காமில் பிசினஸ் லா பேப்பரில் இதைப் படித்தே ஆக வேண்டும். அதன் 74-வது பிரிவு என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு அபராதம் என்று எழுதி வைத்திருந்தாலும், கிடைப்பது ‘நியாயமான இழப்பீடு’தான். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. அதாவது, அதற்கு மேல் போகக் கூடாது. முழுசாகக் கொடுத்தே தீர வேண்டும் என்று அர்த்தமில்லை.

2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை அழகாக விளக்கியது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 1982-ல் ஒரு மனையை ஏலம் விட்டது. 3.12 கோடிக்குக் கேட்ட கம்பெனி, 78 லட்சம் முன்பணம் கட்டியது. பிறகு இழுபறி. ஆணையம் முன்பணத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, 1994-ல் அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. கம்பெனி மேல் தவறில்லை என்ற கோர்ட், கூடவே இன்னொன்றும் சொன்னது: உங்களுக்கு நஷ்டமே இல்லையே, பிறகு எதற்கு இழப்பீடு? 78 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

78 லட்சத்துக்கு உள்ள நியாயம் என் 8,960 ரூபாய்க்கும் உண்டுதானே?

ஓட்டல் முதலாளிக்கு ரிஜிஸ்டர் தபாலில் ஒரு பக்கக் கடிதம் அனுப்பினேன். திட்டவில்லை. ஒரே கேள்விதான்: ‘நான் காலி செய்த அறை அந்த ரெண்டு ராத்திரியும் காலியாக இருந்ததா?’ பதினைந்து நாளில் பதில் இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகவும் எழுதினேன்.

பத்தாம் நாள் முதலாளியே போன் செய்தார். “அடுத்த தடவை வாங்க சார், ஒரு நாள் ஃப்ரீயா தங்குங்க” என்றார். “அம்மாவுக்கு மலை ஆகாது சார், கணக்கை முடிச்சுக்குவோம்” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “முதல் ராத்திரி ஆள் இருந்தாங்க. ரெண்டாவது ராத்திரி நிஜமாவே காலி சார்.” ரிஜிஸ்தர் பக்கத்தைப் படம் எடுத்தும் அனுப்பினார்.

4,480 ரூபாய் வந்தது. காலியாகக் கிடந்த ராத்திரிக்கு நான் கேட்கவில்லை. அது அவருடைய நஷ்டம், அந்தப் பணம் அவருக்கே சேர வேண்டியது.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், கவுன்ட்டரில் நிற்கும் பையனிடம் சத்தம் போடாதீர்கள். பாலிசி அவன் எழுதியது இல்லை. காலி செய்யும் தேதி, நேரத்தை எழுதி வாங்குங்கள். முதலாளிக்குக் கடிதம் போடுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரெண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், ஆன்லைனிலும் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை.

எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான். ‘நான் விட்ட ரூமை வேறு யாருக்காவது கொடுத்தீர்களா?’ அதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள்.