நிழலில் தேயிலை, வெயிலில் உப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிப் போனால், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் சாலையை ஒட்டியே உப்பளங்கள் விரிகின்றன. இவ்விரு நகரங்களின் காபிக் கடைகளிலும் இப்போது ஜப்பானின் பச்சைத் தேயிலைத் தூளான மட்சா கிடைக்கிறது. ஒரு கோப்பைக்கு 2 கிராம் தூள் போதும், விலையோ நூற்றுக்கணக்கில். குடிப்பவர் எந்த ஊர்த் தூள், முதல் பறிப்பா என்று விசாரிக்கிறார். வீட்டு உப்பைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. உப்பளப் பாத்திகளின் வரப்பில் நின்று பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: மட்சாவைத் தேர்ந்தெடுக்கத் தெரிவது என்றால், அதற்குள் இருக்கும் உழைப்பை அடையாளம் காணத் தெரிவது. அந்தப் பார்வை உப்பின் மீதும் விழ வேண்டும்.

மட்சாவுக்கான செடிகளைப் பறிப்புக்கு முன் ஏறக்குறைய மூன்று வாரம் பந்தலிட்டு மறைக்கிறார்கள். வெயில் பட்டால் இலையில் இன்சுவை தரும் தியானின் குறைந்து துவர்ப்பு ஏறும். நிழலில் இன்சுவையும் பசுமையும் தங்கும். பறித்த இலையை ஆவியில் வேகவைத்து, சுருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு கல் மணிக்குச் சுமார் 40 கிராம்தான் தரும்; அவசரப்படுத்தினால் சூடேறி மணம் போய்விடும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் 'சடங்குத் தரம்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறை கிடையாது. எனவே தூளையே பார்க்க வேண்டும். பளிச்சென்ற பச்சை நல்லது, மஞ்சள் ஓடியது பழையது. விரலில் நறநறக்கவும் கூடாது. சலித்த தூளில் கொதி அடங்கிய, 80 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரை ஊற்றி, மூங்கில் கடையியால் நுரைக்க அடித்து உடனே குடிக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் அத்தனை நாள் நிழலும் வீண், கசப்புதான் மிஞ்சும்.

மரக்காணத்தில் வெயில்தான் மூலதனம். ஆனாலும் எங்கே நிறுத்துவது என்று அறிவதுதான் இங்கும் கைத்திறன். மழை ஓய்ந்ததும் சேற்றை அள்ளி, பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குகிறார்கள். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் கெட்டிப்படுத்துகிறார்கள். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் கடல்நீர் சுமார் 3 டிகிரி. 25-ஐ நெருங்கும்போது உப்பு பூக்கிறது. 29, 30-க்கு மேல் விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும், ஈரம் இழுக்கும். அதற்குள் அந்த நீரை வடித்துவிட வேண்டும். வாரும் பலகை கொஞ்சம் அழுந்தினாலும் அடிச்சேறு கலந்துவிடும். கண் கூசும் வெளுப்பிலும் பாதத்தை வெடிக்க வைக்கும் உவரிலும் இதைச் செய்கிறார்கள். ஒரு கோடை மழை எல்லாவற்றையும் கரைத்துவிடும்.

உப்பு வெறும் சோடியம் குளோரைடு, அதில் என்ன ரசனை என்று கேட்கலாம். பாதி நியாயம்தான். கழுவிச் சுத்திகரித்த உப்புகளுக்கிடையே ருசி வேறுபாடு சொற்பம். கையால் வாரியது என்பதற்காக உப்பு மருந்தாகிவிடாது. அயோடின் சேர்க்கத்தான் வேண்டும், கல்லுப்பிலும் சேர்க்கலாம். நான் கேட்பது ருசிக்கான விலையை அல்ல, வேலைக்கான விலையை. ஏழையும் வாங்கும் பொருளாயிற்றே என்றால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஆண்டுக்கு 2 கிலோவுக்கும் குறைவு. கிலோவுக்கு 5 ரூபாய் கூடினாலும், அந்த வரம்புக்குள் உண்பவருக்கு ஆண்டுச் செலவு 10 ரூபாயைத் தொடாது. அந்தப் பணம் இடைத்தரகரிடமே நின்றுவிடாதா என்பதுதான் வலுவான கேள்வி. பையில் அளத்தின் பெயரே இல்லாதவரை நிற்கத்தான் செய்யும். 2022-இல் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் 'நெய்தல் உப்பு' விற்பனைக்கு வந்தது. வேலையில்லாத மழைமாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணமும் அரசு அறிவித்தது. ஆனால் நிவாரணம் கூலிக்கு ஈடாகாது. எந்த அளத்து உப்பு, வாரியவருக்கு என்ன கூலி என்பது பையிலேயே அச்சாக வேண்டும். வாங்குபவர் கேட்காமல் எந்த வியாபாரியும் அதை அச்சிடப் போவதில்லை.