மணி அடித்த அறை

பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த ஊர் என்பதால் கரவெட்டியை இலக்கியக்காரர் அறிவார்கள். நான் அங்கே போனது ரெலிபோன் பெட்டி திருத்த. 2012ஆம் ஆண்டு நடுப்பகுதி. ஒரு முதியோர் இல்லத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம்.

"நாங்கள் எடுத்தால் போகுது தம்பி. உள்ளுக்குள்ளையும் அறைக்கு அறை கதைக்கலாம். வெளியில இருந்துதான் ஒரு கோலும் வருகுதில்லை. மூண்டு மாசமாச்சு" என்றார் நிர்வாகி. அதோடு நிற்காமல், "பிள்ளையளும் இப்ப முந்தினமாதிரி எடுக்கிறேல்லைப் போல" என்றும் சொன்னார். அங்கிருந்த முதியவர்கள் பலரின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்தார்கள். கைபேசியைக் கையாளத் தெரியாதவர்களுக்கு, கந்தோர் மேசையில் இருந்த அந்த ஒரு ரெலிபோன்தான் பிள்ளையின் குரல்.

சுவரில் இருந்தது பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824. மூன்று வெளி இணைப்பு, எட்டு உள் இணைப்பு. சிறிய கந்தோர்களுக்கென்றே செய்தது. இலங்கையில் எத்தனையோ கடைகளின் சுவரில் இதைப் பார்த்திருக்கிறேன். (பானசோனிக் இப்போது இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. பழைய பெட்டிகள்தான் ஓடுகின்றன.) இதைப் புரோகிராம் செய்யக் கணினி தேவையில்லை. முதலாவது உள் இணைப்பில், அந்தக் கம்பனியின் திரையுள்ள ரெலிபோன் ஒன்று மாட்டியிருந்தால் போதும். புரோகிராம் பொத்தான், நட்சத்திரம், சதுரம், பிறகு 1234. தொழிற்சாலையில் கொடுத்த அந்தக் கடவுச்சொல்லை மாற்றியவர்களை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். வீட்டுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பைக் கதவிலேயே தொங்கவிடுகிற கதைதான்.

பெட்டியைத் திறக்கமுன் என் கைபேசியிலிருந்து இல்லத்து இலக்கத்தை அழைத்தேன். என் காதில் மணி அடித்தது. மேசையில் சத்தமில்லை. நிர்வாகி, "பாத்தியளே" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அழைப்பவரின் காதில் கேட்கும் மணி, அந்தப் பக்கத்தில் அடிக்கும் மணி அல்ல. அது தொலைபேசி நிலையம் அவருக்காக உண்டாக்கும் ஓசை. இந்தப் பக்கத்தில் ரெலிபோனே இல்லாவிட்டாலும் அவருக்கு அது கேட்டுக்கொண்டிருக்கும். ரொறன்ரோவில் இருக்கிற மகன் பத்துத் தரம் மணி கேட்டுவிட்டு, "அம்மா வாறா இல்லை" என்று வைத்துவிடுவான். அம்மாவோ இங்கே அந்த ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருப்பா.

அழைப்பைத் துண்டிக்காமல் முற்றத்துக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் நின்று காது கொடுத்தபோது, கேற்றடியில் இருந்த சின்ன அறைக்குள்ளிருந்து மெல்லிய மணிச் சத்தம் வந்தது. அறை பூட்டியிருந்தது. இரவுக் காவலாளியின் அறை அது; விடிந்ததும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். சமையல்கார அக்கா ஒருவர், "அது பகலில இடைக்கிடை அடிக்கிறதுதான். பக்கத்து வீட்டு ரெலிபோன் எண்டு நினைச்சம்" என்றார்.

அந்தப் பெட்டிக்குப் பகல், இரவு என்று இரண்டு நடைமுறை உண்டு. மதிய உணவு நேரத்துக்கும் தனியாக ஒன்று. யப்பானியர் சாப்பாட்டை அவ்வளவு மதிக்கிறார்கள். முன்பு யாரோ ஒழுங்காகவே அமைத்திருந்தார்கள்: காலை ஆறு முதல் மாலை ஆறு வரை வெளி அழைப்பு கந்தோரில் அடிக்கும், பிறகு கேற்றடியில். எல்லாம் சரி. நான் திரையைப் பார்த்தேன். 10:20. என் கைக்கடிகாரத்திலும் 10:20. திரையில் மட்டும் பக்கத்தில் சின்னதாய் பி.எம்.

யாரோ நேரத்தைத் திருத்தும்போது ஏ.எம். போடவேண்டிய இடத்தில் பி.எம். போட்டுவிட்டார்கள். மணியும் நிமிடமும் சரியாகவே ஓடியதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. திகதி மட்டும் நடுப்பகலில் மாறியிருக்கும். அதை யார் கவனிப்பார்? பகல் முழுவதும் அழைப்புகள் பூட்டிய காவலறையில் அடித்தன. இரவு முழுவதும் பூட்டிய கந்தோரில் அடித்தன. கோடைகாலத்தில் ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே காலை ஆறரை. லண்டனில் மதியம் பன்னிரண்டு என்றால் இங்கே மாலை நாலரை. பிள்ளைகள் இங்குள்ள நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கணக்குப் பார்த்து எடுத்ததெல்லாம் கேற்றடிக்குப் போயிருக்கிறது.

நேரத்தால் அவதிப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. 1996 மே மாதம் இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அது மாறவேயில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலம் குறைத்தவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பீர்கள்.

திருத்தம் ஒரு நிமிட வேலை. புரோகிராம் இலக்கம் 000. அதில் ஆண்டு, மாதம், நாள், பிறகு மணி, கடைசியில் ஏ.எம். மறுபடி அழைத்தேன். மேசையில் மணி அலறியது. விறாந்தையில் இருந்த நாலைந்து பேர் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். நான்தான் எடுக்கிறேன் என்று சொல்வதற்குள் ஒரு அம்மா பொல்லை ஊன்றி எழும்பிவிட்டார்.

அவர் மேசைக்குக் கிட்ட வந்து, நிர்வாகி விளக்கியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"அப்ப தம்பி, இவ்வளவு நாளும் என்ரை பெடியன் எடுத்தவனோ? அது உந்தப் பெட்டியில கிடக்குமோ?"

அழைப்புகளை அச்சடிக்கும் வசதி அந்தப் பெட்டிக்கு உண்டு. பிறின்ரர் ஒன்றை இணைத்திருக்கவேண்டும். அங்கே இணைத்திருக்கவில்லை. எடுத்திருப்பான் என்று சொல்ல வாய் வந்தது. எனக்கு அந்தப் பெடியனைத் தெரியாது.

"கிடக்காது அம்மா" என்றேன். "இனி எடுத்தால் இங்கைதான் அடிக்கும்."

அவர் நிர்வாகியிடம் மணி எத்தனை என்று கேட்டார். பதினொன்று ஆகப்போகிறது என்றார் அவர். "அங்கை இப்ப படுத்திருப்பினம்" என்று சொல்லிக்கொண்டு விறாந்தைக்குத் திரும்பிப் போனார்.