“சுத்தமா இருந்தா சந்தோஷப்படாதீங்க டீச்சரம்மா!”

கும்பகோணம் வட்டாரத்தில் ‘ஃபில்டர்’ என்றாலே காபிதான் நினைவுக்கு வரும். ஆனால், திருவிடைமருதூரில் வசிக்கும் அந்த ரிட்டயர்டு சயின்ஸ் டீச்சரைக் கேட்டால், முதலில் காரைப் பற்றித்தான் பேசுவார். அப்புறம்தான் காபி.

வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் நிற்பது 1984 மாடல் மார்க் 4 அம்பாசிடர். வெள்ளை நிறம். கணவர் 1991-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் காலமாகி மூன்று வருடங்கள் ஆகின்றன. டீச்சருக்கு இப்போது 66 வயது. ஐம்பது வயதில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, வயல் ரோட்டில் ஓட்டிப் பழகியவர். ஆடுதுறைக்குக் காய்கறி வாங்க, திருபுவனத்தில் தங்கை வீட்டுக்குப் போக, கும்பகோணத்தில் கண் டாக்டரைப் பார்க்க... எல்லாவற்றுக்கும் அவரே ஸ்டியரிங் பிடிக்கிறார்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்கு இதில் கவலை அதிகம். “அம்மா, வித்துடும்மா. அந்த கம்பெனியே மூடியாச்சு. நாளைக்கு நடுவழியில நின்னா யார் வருவா?” என்பது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை போனிலும் வரும் பேச்சு. அவர் சொல்வதில் தப்பில்லை. 1950-களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தொடங்கிய அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. 15 வயது தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியது.

டீச்சருக்கு வேறு கணக்கு. கார் போனால் அடுத்த பேச்சு, “தனியா எதுக்கும்மா இருக்கே? இங்கே வந்துடு” என்பதுதான். அவருக்கு அது நன்றாகத் தெரியும். அதனால், கார் நின்றுவிடக் கூடாது என்பதில் அவர் காட்டுகிற பிடிவாதம் காரைப் பற்றியது மட்டுமல்ல.

கோலத்துக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு

போன வருடம் நகரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் மாற்றி, ஃபில்டரும் மாற்றிக்கொண்டு வந்தார். சில நாள் கழித்து, காலையில் கோலம் போட வந்தபோது கொட்டகைத் தரையில் கறுப்பாக ஒரு வட்டம். மறுநாள் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். விடிந்தபோது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மூன்று கறை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், “பழைய வண்டின்னா அப்படித்தாங்க இருக்கும். லெவல் குறைஞ்சா ஊத்திக்குங்க” என்றார்கள். அவரும் ஊற்றிக்கொண்டே 2,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டார்.

மகன் ஊருக்கு வரும்போது கறையைப் பார்த்தால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்ற பயத்தில்தான் ஆடுதுறைக்கு வண்டியை எடுத்துப் போனார். அங்கே இளவயது மெக்கானிக் ஒருவர். அவருடைய அப்பா அம்பாசிடர் காலத்து மேஸ்திரி. முழங்கால் வலியால் குனிந்து வேலை பார்க்க முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த மாடல் அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜினில் ஆயில் ஃபில்டர், இன்றைய கார்களைப் போல மொத்தமாகத் திருகிக் கழற்றும் டப்பா அல்ல. இரும்புக் கிண்ணம் ஒன்று நீளமான போல்ட்டில் தொங்கும். அதற்குள் மடிப்பு மடிப்பாகத் தாள் வைத்த உருளை இருக்கும். கிண்ணத்தின் விளிம்பு போய் உட்காரும் பள்ளத்தில் ஒரு ரப்பர் ரிங். மாற்றும்போது தாள் உருளையும் ரிங்கும்தான் புதிது. கிண்ணம் பழையதேதான்.

மகன் கிண்ணத்தைக் கழற்றியதும் மேஸ்திரி அந்தப் பள்ளத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் கிளறச் சொன்னார். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ரிங் வந்தன. அடியில் இருந்தது கல்லாக இறுகிப்போன பழையது. அதை எடுக்காமலேயே மேலே புதியதை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். கசிவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

அடுத்து தாள் உருளை வெளியே வந்தது. டீச்சருக்கு ஆறுதல். “பரவாயில்லையே, சுத்தமா இருக்கே!” என்றார்.

மேஸ்திரி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சுத்தமா இருந்தா சந்தோஷப்படாதீங்க டீச்சரம்மா. இந்த வயசு இன்ஜின்ல ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடின பேப்பர் கறுத்துப் போயிருக்கணும். அழுக்கு இதுல இல்லேன்னா வேற எங்கே இருக்கு?”

காபி சொல்லித் தந்த பாடம்

இன்ஜினில் இருந்து வரும் ஆயில் கிண்ணத்துக்குள் இறங்கி, தாளின் வெளிப்பக்கத்தில் நுழைந்து, உள்பக்கம் வந்து, நடுத்துளை வழியாகத் திரும்ப இன்ஜினுக்குப் போக வேண்டும். அந்த உருளையின் உயரமும் அகலமும் சரியாக இருந்தன. ஆனால், அதன் நடுத்துளை ஒரு நூல் அளவு பெரிது. உட்கார வேண்டிய இடத்தில் அது இறுக்கமாக உட்காரவில்லை. ஆயிலுக்குச் சுலபமான வழி கிடைத்தால் அது ஏன் தாளுக்குள் நுழையப் போகிறது? தாளைத் தொடாமல், அந்த இடுக்கு வழியாகவே நேராக இன்ஜினுக்குப் போய்க்கொண்டிருந்தது. காரில் ஃபில்டர் இருந்தது. ஆயில்தான் வடிகட்டப்படவில்லை.

டீச்சருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. காபி ஃபில்டரில் பொடி மேல் வைக்கும் குடைத் தட்டைச் சரியாக அமுக்காமல் வெந்நீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஓரமாகவே தண்ணீர் இறங்கி, டிகாக்‌ஷன் என்ற பெயரில் வெறும் கலங்கல் வரும். பொடி ரொம்ப நைசாக இருந்தால் டிகாக்‌ஷன் இறங்கவே இறங்காது. கொரகொரப்பாக இருந்தால் தண்ணீர் மாதிரி இறங்கிவிடும். தடுக்க வேண்டியதைத் தடுக்கணும், விட வேண்டியதை விடணும். ஃபில்டருக்கு இரண்டும் வேலை.

தடுக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 14-ல் ஒரு பங்கு. ஆயில் ஃபில்டர் அதில் பாதிக்கும் குறைவான துகளைக்கூடப் பிடிக்க வேண்டும். அதற்காகத் தாளை ரொம்ப நெருக்கமாக்கினால் ஆயில் ஓட்டம் குறையும். காபி இறங்காவிட்டால் காத்திருக்கலாம். ஓடுகிற இன்ஜினில் ஆயில் வரத்து நின்றால் பேரிங் சில நிமிடங்களில் போய்விடும். அதனால்தான் இந்த அமைப்பில் பை-பாஸ் வால்வு ஒன்று இருக்கிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அது திறந்து, ‘அழுக்கு ஆயிலாவது போகட்டும்’ என்று வழி விடும். அது அவசரத்துக்கான வழி. தினமும் போகும் வழி அல்ல.

1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் ‘ப்யூரோலேட்டர்’ என்ற ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பு சில நூறு மைல்களுக்கு ஒருமுறை ஆயிலையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று ஒரு ஆயில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாங்குகிறது என்றால், அதில் இந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

“அம்பாசிடர்னு சொன்னா போதாது”

மேஸ்திரி வடித்த ஆயிலை வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். மினுமினுப்பாக உலோகத் தூள் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நல்லவேளை, பெரிதாக எதுவும் இல்லை. “தப்பிச்சீங்க. ஆனா, சரியான ஃபில்டர் கிடைக்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க” என்றார்.

தேடல் தொடங்கியது. முதல் கடையில், “அம்பாசிடர் ஃபில்டர் வேணும்” என்றதும் கடைக்காரர் திருப்பிக் கேட்டார். “அம்பாசிடர்னு சொன்னா போதாதும்மா. பெட்ரோலா, டீசலா, இசுசுவா?” அதே வண்டிக்குள் காலத்துக்குக் காலம் வெவ்வேறு இன்ஜின்கள் வந்திருக்கின்றன. 1,489 சிசி பெட்ரோல், அதே அளவில் டீசல், பிறகு 1990-களில் 1,800 சிசி இசுசு. போதாக்குறைக்கு, பெட்ரோல் வண்டியில் டீசல் இன்ஜினை இறக்கி ஓட்டியவர்களும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது ஒன்று, பானெட்டுக்குள் இருப்பது இன்னொன்றாக இருக்கலாம். பழைய வண்டிக்கு ஃபில்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியது வண்டியின் பெயரை அல்ல, இன்ஜினை.

இரண்டாவது கடையில் ஒரு யோசனை சொன்னார்கள். கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு அடாப்டர் போட்டு, புதிய கார்களின் திருகு ஃபில்டரை மாட்டிவிடலாம். வசதியான வழிதான். வெளிநாடுகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். ஆனால், டீச்சர் அங்கேயும் ஸ்கேலை எடுத்தார். திருகு ஃபில்டர்களில் இரண்டு மரை அளவுகள் பரவலாகப் புழங்குகின்றன. ஒன்று முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். இன்னொன்று 20 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பெரியது சின்னதன் மேல் லொடலொடவென்று ஏறிக்கூட விடும். ஏறிவிட்டதே என்று ஓட்டினால், ஆயில் அழுத்தத்தில் எப்போது வேண்டுமானாலும் பிய்த்துக்கொண்டு வரும். அடாப்டரின் மரை என்னவென்று கடைக்காரருக்கே தெரியவில்லை. டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார்.

மூன்றாவது கடையில் அட்டைப்பெட்டி நிறம் மங்கிய பழைய ஸ்டாக் கிடைத்தது. அளவெல்லாம் சரி. ஆனால், கூட வந்த ரப்பர் ரிங்கை மடித்தால் வெடிப்பு விட்டது. தாளை இரும்பு மூடியோடு ஒட்டும் பசையும் ஓர் இடத்தில் பெயர்ந்திருந்தது.

கடைசியில் வழி காட்டியது கணவரின் டைரிதான். ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், வாங்கிய ஃபில்டரின் கம்பெனி, அதன் நம்பர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு வரி. கடைசி வரிக்குப் பிறகு பக்கம் காலி. டீச்சர் அந்த நம்பரைத் தன்னோடு வேலை பார்த்த ஒரு சாரின் மருமகனுக்கு அனுப்பினார். அவர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடைகளில் ஏறி இறங்கி, பில்லோடு இரண்டு வாங்கி அனுப்பினார். கார் கம்பெனி தயாரிப்பை நிறுத்தினாலும், ஃபில்டர் கம்பெனி நிறுத்தவில்லை. விலை சில நூறு ரூபாய். இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

பார்சல் வந்ததும் பழைய உருளையையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம், வெளி விட்டம், நடுத்துளை மூன்றையும் அளந்தார். அதன் பிறகுதான் ஆடுதுறைக்குப் போனார். மேஸ்திரி கிண்ணத்தின் அடியில் ஸ்பிரிங்கும் வாஷரும் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்தார். உருளையை மேல்நோக்கி அமுக்கிப் பிடிப்பது அவைதான். கழுவும்போது கழிவு ஆயிலோடு தொலைந்துபோவதும் அவைதான். கிண்ணத்தை மாட்டி, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே அனுப்பினார். “ஐந்நூறு கிலோமீட்டர்ல மறுபடி வாங்க. ஆயிலும் பேப்பரும் இன்னொரு தடவை மாத்திடுவோம். உள்ளே தங்கின அழுக்கு வெளியே வரணும்ல?”

நெல்லுக்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் உண்டு

டீச்சர் இன்னொன்றும் கேட்டுக்கொண்டு வந்தார். “நான் வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்ட மாட்டேனே, எதுக்கு வருஷா வருஷம் மாத்தணும்?” குறைவாக ஓட்டுவதும் ஒரு காரணம்தான். ஆடுதுறை வரை போய் வருவதற்குள் இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. சூடானால்தான் உள்ளே சேரும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகும். இல்லையென்றால் அவை ஆயிலோடு கலந்து சேறாகும். அதனால், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவது நல்லது.

டெல்டாவில் ஓடும் வண்டிக்குக் கூடுதல் எதிரி ஒன்று உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கும்போது சாலையிலேயே நெல் காயும். அறுப்பு மெஷின் போன வழியெல்லாம் தூசி பறக்கும். நெல் உமியில் சிலிக்கா அதிகம். அந்தத் தூசி இன்ஜினுக்குள் போனால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அது நுழையும் வாசல் ஏர் ஃபில்டர். அங்கே விட்டதைத்தான் ஆயில் ஃபில்டர் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனவே, அறுவடை முடிந்ததும் ஏர் ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும்போது கழற்றிய ஃபில்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், எம்.ஆர்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். ரப்பர் ரிங்கை மடித்துப் பாருங்கள். மாட்டும்போது பழைய ரிங் வெளியே வந்துவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். வடித்த ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. கேனில் பிடித்து, அதை முறையாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். நம் ஊர் வாய்க்கால் அடுத்த ஊர் நாற்றங்காலுக்குத்தான் போகிறது.

ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து இரண்டாவது ஃபில்டரும் மாற்றியாயிற்று. இந்தத் தடவை வெளியே வந்த தாள் நன்றாகக் கறுத்திருந்தது. டீச்சருக்கு அதில்தான் சந்தோஷம். டைரியில் காலியாக இருந்த பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும் அவர் கையெழுத்தில் ஏறின.

பொங்கலுக்கு வந்த மகன் கொட்டகைத் தரையைப் பார்த்தார். கறை இல்லை. டைரியை எடுத்து அப்பாவின் எழுத்தில் ஆரம்பித்து அம்மாவின் எழுத்து வரை புரட்டிவிட்டு, அடுத்த ஆயில் மாற்றும் தேதியைத் தன் போனில் நினைவூட்டலாகப் போட்டுக்கொண்டார். விற்கிற பேச்சு இந்தப் பொங்கலுக்கு எழவில்லை. அடுத்த பொங்கலுக்கு எழலாம். அதுவரை ஆடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் டீச்சர் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.