ஐந்தரை நிமிடமும் ஆறு மாதமும்

நம் ஊர்ப்புறங்களில் விடியற்காலை நான்கரை மணிக்கு வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டால், வயலுக்கோ கடலுக்கோ செல்கிறவர் யாரோ என்று முன்பெல்லாம் எண்ணுவோம். இப்பொழுது அந்த ஓசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தாயின் உறக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று மெல்லக் கதவைச் சாத்திவிட்டுச் சாலையில் ஓடப் போகிறான். அந்த வீட்டில் இராணுவம் என்ற சொல் நுழைந்துவிட்டது என்பது அதன் பொருள்.

அச்சொல் நுழைந்த வீட்டில் நம்பிக்கையும் அச்சமும் ஒருசேரக் குடியேறுகின்றன. மகன் சீருடை அணிந்து திரும்பும் நாளைத் தாய் கனவு காண்கிறாள். தந்தையோ கடனை அடைக்கும் கணக்கைப் போடுகிறார். ஆனால் பையன் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும், அதற்கு உடலை எவ்வாறு பழக்க வேண்டும் என்பவற்றை அறிந்த பெற்றோர் மிகச் சிலரே. நான் படைவீரன் அல்லன். உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனினும் என் தங்கை மகனின் பொருட்டு இந்தத் தேர்வின் உள்ளும் புறமும் அறிய வேண்டியதாயிற்று. அறிந்ததை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளுதல் நலம் என்று கருதுகிறேன்.

என் தங்கை கணவனை இழந்தவள். பீடி சுற்றியும் தையல் தைத்தும் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். மூத்தவன் 2023-ஆம் ஆண்டு இராணுவத்தின் எழுத்துத் தேர்வில் வென்று, உடல்தகுதித் தேர்வுக்குச் சென்றான். இரண்டு மாதமாக நண்பர்களோடு நாள்தோறும் மூச்சு முட்ட ஓடியவன் அவன். தேர்வு நாளில் ஓட்டத்தை முடிக்க அவனுக்கு 5 நிமிடம் 52 வினாடி ஆயிற்று. எல்லையோ 5 நிமிடம் 45 வினாடி. ஏழு வினாடிகள்! அவ்வளவுதான். அன்றிரவு பேருந்தில் ஊர் திரும்பியவன் மூன்று நாள் எவரோடும் பேசவில்லை. அடுத்த ஆண்டு ஒன்றே அவனுக்கு எஞ்சியிருந்த வாய்ப்பு. அதற்குப் பின் வயது எல்லை கடந்துவிடும். அப்பொழுதுதான் தங்கை என்னிடம், “அண்ணே, இவன் எங்கே தவறினான் என்று நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றாள்.

முதலில் தேர்வைப் புரிந்துகொள்வோம். தரைப்படையின் பொதுப்பணிப் பிரிவுக்கு 2023, 2024-ஆம் ஆண்டுகளில் நடந்த உடல்தகுதித் தேர்வில் நான்கு பகுதிகள் இருந்தன. முதலாவது 1.6 கிலோமீட்டர் ஓட்டம். அதனை 5 நிமிடம் 30 வினாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண். 5 நிமிடம் 45 வினாடிக்குள் முடித்தால் 48 மதிப்பெண். இரண்டாவது, இளைஞர்கள் ‘பீம்’ என்று அழைக்கும் கம்பியில் தொங்கி, உடலை மேலே இழுத்தல். பத்து முறை இழுத்தால் 40, ஒன்பதுக்கு 33, எட்டுக்கு 27, ஏழுக்கு 21, ஆறுக்கு 16 என்று மதிப்பெண். மூன்றாவது ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுதல். நான்காவது வளைந்து வளைந்து செல்லும் ஒடுக்கமான கட்டையின் மேல் விழாமல் நடத்தல். கடைசி இரண்டுக்கும் மதிப்பெண் இல்லை; தேறினால் போதும். ஆனால் தேறியே ஆக வேண்டும். இவ்விதிகள் மாறக்கூடியவை. ஆகையால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை, அடுத்த வீட்டார் சொல்லக் கேளாமல், பெற்றோரும் மகனும் சேர்ந்து தாமே படித்துக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு சிறு கணக்கு. 1.6 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் ஓடுபாதையில் நான்கு சுற்று. ஐந்தரை நிமிடம் என்பது 330 வினாடி. நான்கால் வகுத்தால் சுற்றுக்கு எண்பத்திரண்டரை வினாடி. இந்த ஓர் எண்ணை மனத்தில் பதித்தவன் தேர்வில் பாதியை அறிந்தவன். என் மருமகனிடம், “முதல் சுற்றை எவ்வளவில் ஓடினாய்?” என்று கேட்டேன். எழுபது வினாடி இருக்கும் என்றான். “மாமா, எல்லாரும் பாய்ந்து ஓடும்போது நான் மட்டும் பின்னால் நிற்பதா?” என்றும் கேட்டான். அங்கேதான் விடை இருந்தது. பெருங்கூட்டமாக இளைஞர்களை ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதும்போது எவனுக்கும் இரத்தம் கொதிக்கும். முதல் சுற்றில் பன்னிரண்டு வினாடி சம்பாதித்தவன், மூன்றாம் சுற்றிலும் நான்காம் சுற்றிலும் அதனை வட்டியோடு திருப்பிக் கொடுக்கிறான். தசைகளுக்கு வேண்டிய உயிர்வளியை நெஞ்சு கொடுத்து முடியாதபோது கால்கள் கல்லாகக் கனத்துவிடுகின்றன. அதன் பின் மனவலிமை எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

இத்தூரம் ஆங்கிலேயரின் ஒரு மைலுக்கு ஒன்பது மீட்டரே குறைவு. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனிதனால் ஆகாது என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டு நகரில் ரோஜர் பானிஸ்டர் என்ற மருத்துவ மாணவர் 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடி முடித்தார். அவர் நாள்தோறும் முழு மைலையும் வெறிகொண்டு ஓடிப் பழகியவர் அல்லர். கால் மைல் ஓட்டத்தைக் குறித்த வேகத்தில் ஓடுவது, சற்று ஓய்வு கொள்வது, மீண்டும் ஓடுவது என்று பத்து முறை செய்து, உடலுக்கு அந்த வேகத்தைக் கற்பித்தார். நம் பிள்ளைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

ஆறு மாத காலத்தை நாங்கள் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். முதல் இரண்டு மாதம் வேகம் என்ற பேச்சே இல்லை. உடன் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். முதலில் இரண்டு கிலோமீட்டர், பின்பு மூன்று, பின்பு ஐந்து. தார்ச்சாலையை விட்டு மண் தரையில் ஓடினான். அடுத்த இரண்டு மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 82 வினாடியில் ஓடி, மூன்று நிமிடம் நடந்து, மீண்டும் ஓடுவான். நான்கு முறையில் தொடங்கி ஆறு முறை வரை சென்றோம். கையில் ஸ்டாப் வாட்சுடன் நான் நின்றேன். 75 வினாடியில் ஓடி வந்து மகிழ்ச்சியோடு என் முகத்தைப் பார்ப்பான். “தவறு, மறுபடி ஓடு” என்பேன். வேகமாக ஓடுவதற்குக் கண்டிக்கும் ஆசிரியரை அவன் அதுவரை கண்டதில்லை! கடைசி இரண்டு மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை முழு ஓட்டத்தையும் நேரம் குறித்து ஓடினான். ஞாயிறு முழு ஓய்வு. ஓய்வு சோம்பல் அன்று. பயிற்சியில் தேய்ந்த உடல் தன்னைச் செப்பனிட்டு வலுப்பெறுவது ஓய்விலேதான்.

இதனை ஏன் வலியுறுத்துகிறேன் எனில், பல இளைஞர் அறிவிப்பு வந்த பின்னரே விழித்தெழுந்து, மூன்று வாரத்தில் ஆறு மாத வேலையைச் செய்ய முயல்கின்றனர். நெஞ்சும் தசையும் சில வாரங்களில் வலுப்பெறும். எலும்பும் நரம்புக்கட்டுகளும் பல மாதம் கேட்கும். அவசரப்படுகிறவனுக்கு முழங்காலின் கீழ் முன்னெலும்பில் வலி தோன்றும். அதனைப் பொறுத்துக்கொண்டு ஓடினால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு உண்டாகலாம். ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்று மகன் சொல்வானாயின், ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கம்பிப் பயிற்சிக்கு வீட்டுப் பின்புறம் இரண்டு கல்தூண்களுக்கிடையே ஓர் இரும்புக் குழாயைப் பொருத்தினோம். தொடக்கத்தில் அவனால் நான்கு முறையே முடிந்தது. கைகளை முற்றிலும் நீட்டித் தொங்க வேண்டும். தாடை கம்பிக்கு மேல் வர வேண்டும். உடலை ஊஞ்சலாக ஆட்டலாகாது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேர்வாளர் எண்ணமாட்டார். ஆகவே வெறுமனே தொங்குதல், முக்காலியின் மேல் ஏறி நின்று தாடையை மேலே வைத்துக்கொண்டு மிக மெதுவாக இறங்குதல், நாள் முழுவதும் சிறிது சிறிதாக இரண்டிரண்டு இழுத்தல் என்று பழகினான். ஐந்தாம் மாதம் ஒன்பதைத் தொட்டான்.

அளவுகளையும் முன்னதாகவே பார்த்துவிடுதல் நன்று. அவன் சென்ற பொதுப்பணிப் பிரிவுக்கு உயரம் 166 சென்டிமீட்டர். மார்பளவு 77 சென்டிமீட்டர், மூச்சை உள்ளிழுக்கையில் மேலும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். தட்டைப் பாதம், முட்டும் முழங்கால், நிறக்குருடு, காதுநோய் ஆகியவற்றையும் மருத்துவர் பின்னர் சோதிப்பர். ஆறு மாதம் உழைத்த பின் நிறக்குருடு என்று அறிந்து திரும்பும் துயரம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

மகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு சொல். இராணுவக் காவல் பிரிவில் பெண்களைச் சிப்பாய்களாகச் சேர்க்கும் பணி 2019-ஆம் ஆண்டு தொடங்கியது. அவர்களுக்கும் அதே 1.6 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. அதனை எட்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதனோடு பத்தடி நீளம் தாண்டுதலும் மூன்றடி உயரம் தாண்டுதலும் உண்டு. மேலே கூறிய பயிற்சிமுறை அவர்களுக்கும் பொருந்தும்.

வீட்டின் பங்கு என்ன? என் தங்கையின் அடுப்பில் விலையுயர்ந்த மாவு டப்பா எதுவும் ஏறவில்லை. கேழ்வரகுக் கூழ், ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பயறு, கீரை, நாளுக்கு இரண்டு முட்டை, கிடைத்தபோது மீன், வயிறாரச் சோறு; இவையே அவனுக்கு உணவாயின. இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியைத் தாயின் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய சட்டம். அந்தச் சட்டம் என் பயிற்சியைவிட அதிகம் உதவியது என்றே நினைக்கிறேன்.

எச்சரிக்கையாகவும் சில சொல்ல வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஊசி போட்டுக்கொண்டால் களைப்புத் தெரியாது, இந்த மாத்திரை விழுங்கினால் வலி தெரியாது என்று சொல்வோர் மைதானங்களைச் சுற்றி உலவுகின்றனர். களைப்பும் வலியும் உடல் நமக்கு எழுதும் கடிதங்கள். அவற்றைப் படியாமல் கிழித்தெறிவது பேராபத்து. 2024 ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் ஜார்க்கண்டு மாநிலத்தில் ஆயத்தீர்வைக் காவலர் பணிக்கான ஓட்டத் தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். ஒரு மணி நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் ஓட வேண்டிய தேர்வு அது. வேலைக்காக ஓடிய பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. வெயிலில் ஓடுபவன் தடுமாறினாலோ, பொருத்தமின்றிப் பேசினாலோ, உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவ்வாறே, பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவேன் என்று வரும் தரகரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஸ்டாப் வாட்சுக்குக் கையூட்டு வாங்கத் தெரியாது.

2024-இல் என் மருமகன் இரண்டாம் முறை ஓடினான். முதல் சுற்றில் நூறு பேருக்குப் பின்னால் இருந்தானாம். நான்காம் சுற்றில் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, 5 நிமிடம் 34 வினாடியில் கோட்டைத் தொட்டான். கம்பியில் ஒன்பது. பள்ளமும் கட்டையும் தேறினான். மருத்துவச் சோதனையிலும் குறையில்லை. ஆனால் எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணையும் சேர்த்து வெளியிட்ட இறுதிப் பட்டியலில் அவன் பெயர் இல்லை.

இதனை மறைத்து, வெற்றிக் கதையாக எழுதியிருக்கலாம். ஆனால் ஓடும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கின்றனர். அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சேர்ந்தவர்க்கும் இது முடிவான கரையன்று. 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அக்னிபாதை முறைப்படி பணிக்காலம் நான்கு ஆண்டு. அதன் பின் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவோர் நூற்றுக்கு 25 பேர் வரையே. ஆகவே உள்ளே சென்றவனுக்கும் வெளியே நின்றவனுக்கும் இறுதிவரை துணைவருவது அவன் பழக்கிய உடலும் கற்ற ஒழுங்குமே. மில்கா சிங் மூன்று முறை இராணுவச் சேர்க்கையில் திருப்பி அனுப்பப்பட்டு, நான்காம் முறையாக 1951-இல்தான் சேர்க்கப்பட்டார் என்பதும், அங்கேதான் ஓட்டக் கலையை அறிந்து 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காம் இடம் பெற்றார் என்பதும் நினைவில் இருத்தற்குரியன.

என் மருமகன் இப்பொழுது தமிழ்நாட்டுக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அங்கே 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடினால் போதும் என்று சிரிக்கிறான். எழுத்துப் பாடத்தில் பின்தங்கிய அவனுக்கு மாலையில் அவன் தங்கையே கணிதம் சொல்லிக்கொடுக்கிறாள்.

பெற்றோரே, உங்கள் மகன் ஓடத் தொடங்கியிருந்தால் அவனிடம், “இன்று எத்தனை நிமிடம்?” என்று மட்டும் கேளாதீர்கள். “கால் வலிக்கிறதா? நன்றாக உறங்கினாயா? வயிறு நிறைந்ததா?” என்றும் கேளுங்கள். ஐந்தரை நிமிடத்தை அளப்பவர் மைதானத்தில் நிற்கிறார். அதற்கு முந்திய ஆறு மாதத்தைக் காப்பவர்கள் நீங்கள்.