கருத்த ஜவ்வு

ஜூலை 8
எம்.ஆர்.ஐ. படம் வந்துவிட்டது. டாக்டர் அதை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மற்ற ஜவ்வுகள் வெளுப்பாக இருக்க, இடுப்பில் நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே உள்ளது மட்டும் கருத்துக் கிடந்தது. நீர் வற்றிய ஜவ்வு அப்படித்தான் தெரியுமாம். என் கணவர் பக்கத்தில் போய் வெகுநேரம் பார்த்தார். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோடயா இத்தனை நாள் சமைச்ச?" என்றார். வலிக்கிறது என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லி வந்ததுதான். இன்று அத்தை பாத்திரம் விளக்க விடவில்லை. சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

ஜூலை 11
மூன்றாவது பீரியடில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே நோட்டுத் திருத்தினேன்.

ஜூலை 19
பிசியோ, பெல்ட், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. இனி இரண்டு வழி என்கிறார் டாக்டர். ஒன்று, ஸ்க்ரூ போட்டு இரண்டு எலும்பையும் ஒன்றாக்கிவிடுவது. அந்த இடத்தில் அசைவு நின்றுபோகும். பக்கத்து ஜவ்வுகள்மேல் பாரம் கூடலாம். மற்றது செயற்கை ஜவ்வு. மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவில் வழுக்கிக்கொடுக்கும் பாலிஎத்திலீன். குனியலாம், திரும்பலாம்.

இந்த வகை ஜவ்வு கிழக்கு பெர்லினில் சாரிட்டே மருத்துவமனையில் உருவானதாம், 1984இல் முதன்முதலாகப் பொருத்தினார்களாம். உருவாக்கிய இருவரில் ஒருவர் கரின் பூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வென்றவர். வளைந்து வாழ்ந்த ஒரு பெண் இதை யோசித்தாள் என்பதே எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

முதுகைத் தொடமாட்டார்கள். வயிற்றைத் திறந்து, குடலை அதன் பையோடு ஒதுக்கி, கால்களுக்குப் போகும் பெரிய ரத்தக் குழாய்களை விலக்கித்தான் அந்த இடத்துக்குப் போக முடியும். ரத்தக்குழாய் டாக்டர் ஒருவரும் கூடவே நிற்பார். இதைக் கேட்டதும் தெம்பு போய்விட்டது.

ஜூலை 27
எலும்பு அடர்த்திப் பரிசோதனை. எலும்பு மெலிந்திருந்தால் தகடு உள்ளே அமிழ்ந்துவிடுமாம், செய்யமாட்டார்கள்.

ஜூலை 30
எலும்பு பலமாக இருக்கிறது. பின்பக்க மூட்டிலும் தேய்மானம் இல்லை. அழுதேன்.

ஆகஸ்ட் 10
மருத்துவம் படிக்கும் என் அண்ணன் மகன் வந்திருந்தான். நல்லெண்ணத்தில் இரண்டு ஆய்வுகளைப் படித்துக் காட்டினான். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 52 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு ஜவ்வு பிதுங்கியிருந்தது. எல்லா ஜவ்வும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். இன்னொன்று நார்வேயில் 173 பேரிடம் நடந்து, 2011இல் வெளிவந்தது. செயற்கை ஜவ்வு வைத்தவர்களையும் தீவிர மறுவாழ்வுப் பயிற்சி எடுத்தவர்களையும் 2 வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். 100 புள்ளி அளவில் அறுவை செய்தவர்கள் 8.4 புள்ளி மேல். ஆனால் 10 புள்ளியாவது இருந்தால்தான் பயனுள்ள வித்தியாசம் என்று முன்பே வகுத்து வைத்திருந்தார்களாம்.

அந்த 8.4 எனக்கு ஒரு நாள் முழுக்கக் கரும்பலகை முன் நிற்பதாக இருக்கலாம். அது என்னைப் படுத்தவில்லை. முதல் ஆய்வுதான் படுத்துகிறது. வலியே இல்லாதவர்களுக்கும் இப்படிப் படம் வருமென்றால் என் படம் எதற்குச் சாட்சி? அவரிடம் சொல்லவில்லை. பையனையும் சொல்லவேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 13
வலி. வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 22
லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வரும்போது வள்ளியம்மா அக்கா வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். விளக்குமாற்றை ஊன்றி நிமிர்ந்தார். "எனக்குந்தான் டீச்சர், இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்கும். தைலத்தத் தேச்சுக்கிட்டு வந்துருவேன்."

"படம் எடுத்தீங்களாக்கா?"

"எதுக்கு? படம் எடுத்தா பெருக்காம இருக்க விட்ருவாங்களா?"

இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து அவர் பெருக்குவதைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 2
நாளைக்கு ஆப்பரேஷன். நகை அடகுக்குப் போயாயிற்று. பயம்.

செப்டம்பர் 9
எழுத முடிகிறது. தையல் இழுக்கிறது. கஞ்சி இறங்குகிறது.

செப்டம்பர் 20
இடது கால் சூடாக இருக்கிறது, வலது கால் ஜில்லென்று. பயந்து போன் செய்தோம். முன்பக்கமாகப் போகும்போது முதுகெலும்பை ஒட்டி ஓடும் மெல்லிய நரம்புகள் தொந்தரவுபட்டால் இப்படி ஆகுமாம், பெரும்பாலும் மெதுவாகச் சரியாகிவிடுமாம். அவர் என் இரண்டு பாதத்திலும் மாறிமாறிக் கை வைத்துப் பார்த்தார். "ஆமா, இது சுடுது," என்றார். அப்புறம் அண்ணன் மகன் படித்துக் காட்டியதை அவரிடம் சொன்னேன். "சரி, இப்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

அக்டோபர் 18
எக்ஸ்ரே எடுத்தார்கள். தகடு வைத்த இடத்திலேயே இருக்கிறது, படம் அருமையாக இருக்கிறது என்றார் டாக்டர். உள்ளே குடைந்துகொண்டிருந்த அந்தப் பழைய வலி இல்லை. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. ஆனால் இடுப்பின் ஓரத்தில் வேறொரு வலி வந்திருக்கிறது. படத்தில் அதற்கு எதுவும் இல்லை.

நவம்பர் 29
சனிக்கிழமை. வள்ளியம்மா அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வரிசையில் நிற்கையில், "நீங்க உக்காருங்க டீச்சர், ஆப்பரேசன் ஆன உடம்பு," என்று என்னைத்தான் விரட்டிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக வலி என்று டாக்டர் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு என்றார். மாத்திரை கொடுத்து அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் திங்கட்கிழமை பேசவேண்டும், நீண்ட கைப்பிடி விளக்குமாறு வாங்கித்தரச் சொல்லி. எனக்கு ஓரத்து வலி இன்று அதிகம்.